பத்திரத்தில் நகராட்சி, ரசீதில் மாநகராட்சி: எது சரி?

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீடு. 1994-இல் அப்பா வாங்கியது. இப்போது என் பெயருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். பத்திரத்தில் ‘திருவொற்றியூர் நகராட்சி எல்லைக்குட்பட்ட’ என்று இருக்கிறது. வரி ரசீதிலோ ‘பெருநகர சென்னை மாநகராட்சி’. வீட்டுக் கடனுக்கு வங்கியில் கொடுத்த படிவத்தில் ‘முனிசிபல் அத்தாரிட்டி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு புரோக்கர், “பத்திரத்துல நகராட்சின்னு தப்பா இருக்கு, பிழைத்திருத்தல் பத்திரம் போட்டாத்தான் லோன் கிடைக்கும்” என்று சொல்லி அதற்கு ஒரு தொகையும் கேட்கிறார். இதற்கு நடுவில், ஒன்பதாவது படிக்கும் என் மகள் ‘முனிசிபல்’ என்ற சொல்லுக்குப் பொருளும் அதற்கு இணையான தமிழ்ச் சொற்களும் எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். அகராதியில் ‘நகராட்சிக்குரிய’ என்று போட்டிருக்கிறது. நாங்கள் மாநகராட்சி ஆயிற்றே? கடைசியாக ஒன்று: எங்கள் தெருக் குழாயில் இரண்டு வாரமாகச் சாக்கடை வாடையோடு தண்ணீர் வருகிறது. மனு யாருக்கு எழுதுவது, எந்தப் பெயரில்?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் புரோக்கருக்குப் பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். உங்கள் அப்பாவின் பத்திரத்தில் பிழை எதுவும் இல்லை. 1994-இல் காலடிப்பேட்டை திருவொற்றியூர் நகராட்சியில்தான் இருந்தது. அன்றைக்கு எது உண்மையோ அதை எழுதியிருக்கிறார்கள். அதை இன்றைக்கு ‘மாநகராட்சி’ என்று மாற்றி எழுதினால்தான் தவறு.

பிழைத்திருத்தல் பத்திரம் என்பது எழுதும்போதே விழுந்த பிழைக்கு. சர்வே எண் மாறிப்போனது, வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் இடம் மாறி விழுந்தது, சதுர அடியில் ஓர் இலக்கம் குறைந்தது, தகப்பனார் பெயரில் எழுத்துப் பிழை, இப்படிப்பட்டவை. அதைப் பதிவு செய்யவும் அன்றைக்கு விற்றவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் இல்லையென்றால் வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் வீட்டை விற்றுவிட்டுப் போனவரை இப்போது கூப்பிட்டால் அவர் என்ன கேட்பார் என்பது உங்களுக்கே தெரியும். தேவையில்லாத இடத்தில் போய்த் தலையைக் கொடுக்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்றால், இப்போது அப்பா உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் புதிய பத்திரத்தில் சொத்து விவரப் பகுதியில் பழையதையும் புதியதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “முன்பு செங்கல்பட்டு மாவட்டம், திருவொற்றியூர் நகராட்சி எல்லைக்குட்பட்டதும், தற்போது சென்னை மாவட்டம், திருவொற்றியூர் வட்டம், பெருநகர சென்னை மாநகராட்சி மண்டலம் 1-இல் அடங்கியதுமான…” இதற்குப் பிறகு சர்வே எண், நான்கு எல்லை, அளவு, பழைய கதவு எண், புதிய கதவு எண். அவ்வளவுதான். வங்கியின் வக்கீல் பார்க்கும்போது, இரண்டு காகிதமும் ஒரே மனையைத்தான் சொல்கின்றன என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அதைச் சொல்வது சர்வே எண்ணும் எல்லையும்தான். நகராட்சி, மாநகராட்சி என்பது அந்த மனைக்கு அன்று யார் வீட்டு வரி வாங்கினார்கள் என்ற செய்தி மட்டும்.

மாவட்டத்தின் பெயர் ஏன் மாறுகிறது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997-இல் அதைப் பிரித்தபோது திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. 2011-இல் மாநகராட்சிக்குள் வந்துவிட்டாலும் வருவாய்த் துறைக் கணக்கில் திருவள்ளூரிலேயேதான் இருந்தது. 2018-இல்தான் சென்னை மாவட்டத்தின் எல்லையை மாநகராட்சியின் எல்லை அளவுக்கு விரித்தார்கள். அதனால் 2011-க்கும் 2018-க்கும் நடுவில் எழுதிய திருவொற்றியூர்ப் பத்திரங்களில் ‘திருவள்ளூர் மாவட்டம், சென்னை மாநகராட்சி’ என்று பார்க்கலாம். அதைக் காட்டி யாராவது பிழை என்று பயமுறுத்தினால் அவரையும் அனுப்பிவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் மகளின் கேள்வி. மூன்று கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் மற்ற இரண்டு குழப்பமும் இந்தச் சொல்லில் இருந்துதான் கிளம்புகிறது.

‘முனிசிபல்’ என்பதன் வேர் லத்தீன். ‘முனியா’ என்றால் கடமைகள், ‘காபெரே’ என்றால் ஏற்பது. ரோமாபுரி ஆண்ட காலத்தில், ரோமானியக் குடிமக்களுக்குரிய கடமைகளை ஏற்றுக்கொண்டு, தன் ஊர்க் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்ட ஊரை ‘முனிசிபியம்’ என்றார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, ஊரின் பொதுக் காரியத்தைப் பார்க்கும் அமைப்பைச் சேர்ந்த எதற்கும் அடைமொழியாகிவிட்டது. முனிசிபல் ஸ்கூல், முனிசிபல் டாக்ஸ், முனிசிபல் எலெக்ஷன் எல்லாம் அப்படித்தான்.

ஆங்கிலத்தில் அந்த அடைமொழி சின்ன ஊருக்கும் பொருந்தும், பம்பாய்க்கும் பொருந்தும். தமிழில் அப்படி ஒரு பொதுவான அடைமொழி கிடையாது. நாம் அமைப்பின் பெயரையே கொண்டுபோய் முன்னால் நிறுத்திவிடுகிறோம்: மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பூங்கா, பேரூராட்சி அலுவலகம். எந்த ஊர் என்று தெரிந்தால்தான் எந்தச் சொல் என்று தெரியும். அகராதி எழுதியவருக்கு உங்கள் ஊர் தெரியாது. அதனால் ‘நகராட்சிக்குரிய’ என்று எழுதி வைத்தார். காலடிப்பேட்டைப் பெண் ‘மாநகராட்சிக்குரிய’ என்று எழுதினாலும் சரியே. இரண்டையும் எழுதி, மூன்றாவதாக ‘உள்ளாட்சி சார்ந்த’ என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றாவது பொதுவானது, ஆனால் கொஞ்சம் அகலம் அதிகம். கிராம ஊராட்சியும் அதற்குள் வந்துவிடும். ‘நகர்ப்புற உள்ளாட்சி’ என்று எழுதினால் அளவாகப் பொருந்தும்.

நம் சட்டமும் இப்போது அந்தச் சொல்லைத்தான் பிடித்திருக்கிறது. முன்பு சென்னைக்கு 1919-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம், மற்ற ஊர்களின் நகராட்சிகளுக்கு 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் என்று தனித்தனியே இருந்தன. டோல்கேட்டுக்குத் தெற்கே தண்டையார்பேட்டைக்காரர்கள் ‘கார்ப்பரேஷன்’ என்று சொல்ல, வடக்கே உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘முனிசிபாலிட்டி’ என்று சொன்னது சும்மா வாய்ப் பழக்கம் இல்லை. ஒரே நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் நடந்தால் வேறு சட்டம், வேறு வரி விகிதம், வேறு ஆணையர். இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. பெயரில் 1998 இருந்தாலும் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 13 முதல்தான். கால் நூற்றாண்டு தூங்கிவிட்டு எழுந்த சட்டம்.

அரசமைப்புச் சட்டத்தில் இன்னொரு சங்கதி உண்டு. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், நகர்ப்புற அமைப்புகள் மூன்று வகைக்கும் சேர்த்து ‘முனிசிபாலிட்டி’ என்ற ஒரே பொதுப்பெயரைத்தான் வைத்தது. நம் ஊர்க் கணக்கில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றுமே அதற்குள் அடக்கம். அந்தப் பொருளில் பார்த்தால் சென்னை மாநகராட்சியும் ஒரு முனிசிபாலிட்டிதான். கோட்டையில் உள்ள துறையின் பெயரைப் பாருங்கள்: ‘நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை’. சென்னை மாநகராட்சியும் அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது. ஆக, ‘நகராட்சி’ என்ற சொல்லுக்கு ஒரு பெரிய பொருளும் ஒரு சின்னப் பொருளும் இருக்கிறது. பெரிய பொருளில் அது ஊராளும் அமைப்பு எதற்கும் பொருந்தும். சின்னப் பொருளில் மாநகராட்சிக்கு ஒரு படி கீழே உள்ள அமைப்பு. அகராதிக்காரர் பெரிய பொருளில் எழுதியதை நீங்கள் சின்னப் பொருளில் படித்துவிட்டீர்கள்.

வங்கிப் படிவமும் அதேபோல்தான். ‘முனிசிபல் அத்தாரிட்டி’ என்றால், அந்த வீடு எந்த உள்ளாட்சி அமைப்பின் எல்லையில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். ‘பெருநகர சென்னை மாநகராட்சி, மண்டலம் 1’ என்று எழுதுங்கள். ஆனால் இன்னும் கொஞ்சம் கீழே, கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தது யார் என்று ஒரு கட்டம் வரலாம். அங்கே அந்தக் காலத்து அனுமதிக் காகிதத்தில் என்ன முத்திரை இருக்கிறதோ அதை எழுத வேண்டும். அது திருவொற்றியூர் நகராட்சியின் முத்திரையாக இருந்தால் திருவொற்றியூர் நகராட்சிதான். ஒரே படிவத்தில் இரண்டு பெயர் வருகிறதே என்று தயங்காதீர்கள். ஒன்று இன்றைய நிலவரம், மற்றது அன்றைய நடப்பு.

இணைச் சொற்கள் என்று தேடினால் இணையத்தில் இன்னும் சில வந்து நிற்கும். அவற்றை அப்படியே நோட்டில் எழுதிவிடக் கூடாது. ‘சிவிக்’ என்பதை ‘குடிமை’ என்பார்கள். அது ஊரில் வாழும் குடிமக்களின் பக்கத்தில் இருந்து பேசுகிற சொல். குடிமை உணர்வு என்றால் தெருவில் குப்பை போடாத புத்தி, அதை மாநகராட்சி ஆர்டர் போட்டு வரவழைக்க முடியாது. போதாதற்கு ‘குடிமைப் பணி’ என்றால் ஐ.ஏ.எஸ். தேர்வு. ‘அர்பன்’ என்பதற்கு ‘நகர்ப்புற’. அது இடத்தைச் சொல்லும், நிர்வாகத்தைச் சொல்லாது. அப்புறம் ‘பெருநகர’. இங்கேதான் படித்தவர்களே வழுக்கி விழுகிறார்கள்.

‘பெருநகர சென்னை மாநகராட்சி’ என்பதில் உள்ள ‘பெருநகர’, ஆங்கிலத்தில் ‘கிரேட்டர்’ என்று இருப்பதற்கு நிற்கிறது. ‘சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்’ (சி.எம்.டி.ஏ.) என்பதில் உள்ள ‘பெருநகர’, ‘மெட்ரோபாலிட்டன்’ என்பதற்கு நிற்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் முன்னது 426 சதுர கிலோமீட்டர். பின்னதன் பரப்போ பல காலம் 1,189 சதுர கிலோமீட்டர் என்று இருந்து, அதற்கு மேலும் விரித்திருக்கிறார்கள். சி.எம்.டி.ஏ. எல்லையில் இருக்கிற எல்லா ஊரும் மாநகராட்சியில் இல்லை. ‘சென்னைப் பெருநகர எல்லைக்குள் மனை’ என்று விளம்பரத்தில் படித்துவிட்டு, மாநகராட்சிக்குள் இடம் வாங்கியதாக நினைத்து என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. மனை விற்பவர்கள் இந்த ஒரு சொல்லை வைத்தே பிழைக்கிறார்கள் என்பது என் கருத்து. ‘பெருநகர’ என்று பார்த்தால் அடுத்த சொல் என்ன என்று பாருங்கள்: மாநகராட்சியா, வளர்ச்சிக் குழுமமா, குடிநீர் வாரியமா, காவலா. நான்கும் நான்கு கதவு.

மகளுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வேண்டுமென்றால் இதையும் எழுதட்டும். ‘நகரம்’ என்ற சொல் நம்மிடம் வெறும் ஊரின் அளவைச் சொன்ன சொல் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஊர்’ என்றாலும் ‘சபை’ என்றாலும் ‘நகரம்’ என்றாலும் கூடி முடிவெடுக்கும் அவையைக் குறிக்கும். வெள்ளாண் ஊர்களின் அவை ஊர், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரமதேய ஊர்களில் சபை, வணிகர்களின் அவை நகரம். ‘நகரத்தார்’ என்ற பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக ‘நகராட்சி’ என்ற சொல்லில் ‘ஆட்சி’ சேர்வதற்கு முன்பே ‘நகரம்’ என்பதற்குள் ஓர் ஆட்சி இருந்தது. ‘வாரியம்’ என்பதும் அந்தக் காலத்துச் சரக்குதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்கள் வருகின்றன, குடவோலை முறையில் ஆள் எடுத்திருக்கிறார்கள். அந்த ஏரி வாரியத்தின் பெயர்தான் இன்றைக்குக் குடிநீர் வாரியத்தில் வந்து நிற்கிறது. உங்கள் ஊர்க் கோயில் சுவர்களிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய உண்டு. தேரடிப் பக்கம் போகும்போது பிள்ளையை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

‘கார்ப்பரேஷன்’ வேறு வழியில் வந்தது. அது ‘கார்ப்பஸ்’, அதாவது உடல் என்பதில் இருந்து பிறந்தது. பல பேர் சேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக நிற்பது என்று பொருள். அந்த ஆள் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், அவர் மேலும் வழக்குப் போடலாம். எங்கள் தொழிலுக்கு இந்தக் கடைசி வசதி ரொம்ப முக்கியம். சென்னைக்கு இந்தப் பெயர் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த சாசனத்தால் வந்தது. 1688 செப்டம்பர் 29-இல் மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். வேடிக்கை என்னவென்றால், திருவொற்றியூர் 1708-லேயே வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, நுங்கம்பாக்கத்தோடு சேர்ந்து கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. காலடிப்பேட்டை என்ற பெயரே, அங்கே நெசவாளர்களைக் குடியேற்றிய காலட் என்ற கவர்னரின் பெயர் நம் வாயில் விழுந்து காலடியானதுதான். கம்பெனிக்கு அத்தனை சீக்கிரம் வந்த ஊர், மாநகராட்சிக்குள் வந்தது 2011-இல்.

அந்த வருடம் மாநகராட்சியின் பரப்பு 174-இல் இருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள், ஆக 42 அமைப்புகள் கரைந்து உள்ளே போயின. வடக்கே மட்டும் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் என்று நான்கு நகராட்சி. புழல், சின்னசேக்காடு பேரூராட்சி. வார்டுகள் 155-இல் இருந்து 200 ஆயின. உங்கள் மண்டலத்துக்கு 1 முதல் 14 வரை கிடைத்தது. இதைச் சொல்லக் காரணம், பழைய காகிதத்தில் ‘வார்டு 5’ என்று இருந்தால் அது இன்றைய 5-ஆவது வார்டு இல்லை. திருவொற்றியூர்க் காகிதமாக இருந்தால் அது நகராட்சியின் பழைய வார்டு. தண்டையார்பேட்டைக் காகிதமாக இருந்தால் 155 வார்டுக் கணக்கில் உள்ள எண். இரண்டுமே இப்போது செல்லாது. வார்டு எண்ணை மட்டும் எப்போதும் புதிய வரி ரசீதைப் பார்த்து எழுதுங்கள்.

பதவிப் பெயர்களும் இந்த வேறுபாட்டைப் பின்பற்றித்தான் போகும். நகராட்சி என்றால் நகர்மன்றம், நகர்மன்றத் தலைவர், நகர்மன்ற உறுப்பினர். மாநகராட்சி என்றால் மாமன்றம், மேயர், மாமன்ற உறுப்பினர். பேச்சில் இரண்டுமே கவுன்சிலர்தான், அதில் யாருக்கும் வருத்தம் வராது. மேயரை மாநகரத் தந்தை என்று எழுதிய காலம் ஒன்று இருந்தது. 1950-களில் தாரா செரியன் என்ற பெண்மணி மேயரானபோதே அந்தச் சொல் பொருந்தாமல் போயிருக்க வேண்டும். இப்போது வடசென்னையில் இருந்து போன பிரியா ராஜன் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அதைக் கேட்க முடிவதில்லை. நல்லதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரிக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் பெயராக இருக்கும் சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சியை நடத்தியபோது ‘தலைவர்’தான், மேயர் இல்லை. இடையில் அற்றுப் போயிருந்த மேயர் பட்டம் 1933-இல்தான் திரும்பி வந்தது. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நிற்கும் தியாகராயர் சிலையைக் காட்டி யாராவது ‘மேயர்’ என்றால் உங்கள் மகள் திருத்தலாம்.

இனி தண்ணீர். கடைசியாக எழுதியிருந்தாலும் அவசரம் அதற்குத்தான்.

வடசென்னையில் இன்றைக்கும் வயதானவர்கள் ‘கார்ப்பரேஷன் தண்ணி’ என்பார்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் விட்டது உண்மைதான், ஆனால் அது 1978-க்கு முன்னால். அந்த ஆண்டு வந்த சட்டத்தின்படி தண்ணீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தனி வாரியம் அமைந்தது. முழுப்பெயர் சென்னைப் பெருநகரக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். யாரும் சொல்வதில்லை, மெட்ரோ வாட்டர் என்றால் போதும். நீங்கள் 2011 வரை நகராட்சியில் இருந்தவர்கள் என்பதால், தண்ணீர், சாக்கடை, விளக்கு, குப்பை எல்லாவற்றுக்கும் ஒரே அலுவலகத்தின் படியேறிப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தில் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது அங்கிருந்து வாரியத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

குழாயில் சாக்கடை வாடை என்றால் பெரும்பாலும் எங்கேயோ குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் ஓடி, இரண்டிலும் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு குழாயும் வாரியத்தினுடையவை. அதனால் பெறுநர் முகவரி இப்படி: ‘பகுதிப் பொறியாளர், பகுதி 1, சென்னைப் பெருநகரக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், திருவொற்றியூர்.’ மனுவில் தெருப் பெயர், எந்தக் கதவு எண்ணில் இருந்து எந்தக் கதவு எண் வரை வாடை வருகிறது, தண்ணீர் விடும் நேரத்தில் முதல் பத்து நிமிடம் மட்டும் வருகிறதா அல்லது கடைசி வரை வருகிறதா, சமீபத்தில் யாராவது தெருவைத் தோண்டினார்களா, இவற்றை எழுதுங்கள். பொறியாளருக்கு இந்த விவரம்தான் வேண்டும். ‘பல்வேறு இன்னல்களுக்கு ஆளாகி’ என்று நான்கு வரி எழுதுவதால் விரிசல் விழுந்த குழாய் எது என்று தெரியாது. முதல் பத்து நிமிடம் மட்டும் என்றால் குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் அழுக்கு உள்ளே இழுக்கப்படுகிறது என்று அவரே கண்டுபிடிப்பார்.

மனு எழுதும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே 1916-க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். அது வாரியத்தின் எண். மனுவின் தலையில் அந்தப் புகார் எண்ணையும் தேதியையும் குறியுங்கள். பக்கத்து வீடுகளில் கையெழுத்து வாங்கினால் நல்லது. நகலில் ஒரு முத்திரையும் தேதியும் வாங்காமல் வாரிய அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். சரியாகும்வரை குடிப்பதற்கு வேறு தண்ணீர் பாருங்கள். இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

மாநகராட்சிக்கும் இதில் ஒரு வேலை உண்டு. மழைநீர் வடிகால் மாநகராட்சியினுடையது. உங்கள் தெருவில் கழிவுநீர் வடிகாலில் கலந்து தேங்கி, அதற்குள் குடிநீர்க் குழாய் மூழ்கிக் கிடந்தால், வாரியத்துக்கு எழுதிய மனுவின் ஒரு நகலை மண்டல அலுவலருக்கும் அனுப்புங்கள். அங்கே முகவரி: ‘மண்டல அலுவலர், மண்டலம் 1, பெருநகர சென்னை மாநகராட்சி, திருவொற்றியூர்.’ போன் எண் 1913. மறக்காமல் இருக்க ஒரு வழி: ரிப்பன் மாளிகையைத் திறந்த ஆண்டும் 1913-தான். தெருவிளக்கு, குப்பை, கொசு, தெருநாய், பிறப்பு இறப்புச் சான்று எல்லாம் இந்த வாசல்தான். பட்டா என்றால் வட்டாட்சியர், அதற்கும் மாநகராட்சிக்கும் சம்பந்தம் இல்லை. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நிற்கிற தண்ணீரைப் பற்றி எழுதினால் கால்வாய் நீர்வளத் துறையுடையது என்று பதில் வரும். ஆனால் அதில் கொசு மருந்து அடிப்பது மாநகராட்சிதான், அதைக் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம். பெறுநர் இடத்தில் வெறுமனே ‘ஆணையர் அவர்கள், சென்னை’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. சென்னையில் மாநகராட்சிக்கு ஓர் ஆணையர், காவல் துறைக்கு ஓர் ஆணையர். குப்பைத் தொட்டி கேட்டு எழுதிய மனு காவல் ஆணையர் அலுவலகம் இருக்கும் வேப்பேரிக்குப் போவதற்கு வாய்ப்பு இருக்கிறது. ‘மாநகராட்சி ஆணையர்’ என்று முழுசாக எழுதுங்கள்.

வீடு உங்கள் பெயருக்கு வந்ததும் சொத்து வரியைப் பெயர் மாற்றம் செய்ய மண்டல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். குடிநீர் வாரியத்திலும் தனியாகப் பெயர் மாற்ற வேண்டும். மாநகராட்சி போடும் ஆண்டு மதிப்பை வைத்துத்தான் வாரியம் தன் வரியைக் கணக்கிடுகிறது, ஆனாலும் ஒரு இடத்தில் மாற்றிவிட்டோம், மற்ற இடத்தில் தானாக மாறும் என்று விட்டுவிடாதீர்கள். வங்கி இரண்டு ரசீதையும் கேட்கும்.